நின்றால் அணையும் வண்டி

மார்ச் 4

பையனின் அப்பாவுக்கு,

போன் செய்வதை நிறுத்துங்கள். நீங்கள் என்று தெரிந்தாலே வைத்துவிடுகிறேன், அப்படியும் திரும்பத் திரும்ப அடிக்கிறீர்கள். எழுதினால் படிக்கிறேன். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம்.

ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் கூரியர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பெரிய சாலை சிக்னலில் நின்றான். பச்சை விழும் நேரத்தில் வண்டி அணைந்துவிட்டது. உதைத்து ஸ்டார்ட் செய்யக் குனிந்தவனைப் பின்னால் இருந்த லாரிக்காரன் பார்க்கவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. காலைச் சுற்றி வளையம் வைத்துக் கம்பிகள் குத்தியிருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. கால் தங்குமா என்று கேட்டால் டாக்டர் பேனாவை மூடித் திறக்கிறார்.

அதற்கு இரண்டு நாள் முன்புதானே நீங்கள் வந்து போனது? ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க என் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து, இரண்டு கார்ப்பரேட்டரையும் சமப்படுத்துகிறேன் என்று என் துணி துவைக்கிற நேரத்தையும் தின்றீர்கள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "இனிமே ஆஃப் ஆகவே ஆகாது." அந்தப் பேச்சை நம்பித்தான் அவன் சிக்னலில் நின்றான்.

ஆஸ்பத்திரிப் பக்கம் வராதீர்கள். வந்தால் வார்டு வாசலிலேயே சத்தம் போடுவேன். எனக்கு அதில் வெட்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பையனின் அம்மா


மார்ச் 9

பையனின் அம்மாவுக்கு,

சேதி கேட்ட அன்றே பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். நீ வாசலில் நின்று கத்துவாய் என்று பயந்து இல்லை. அவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மில்லில் பம்ப் ரிப்பேர் பார்த்தே கை காய்த்துப் போன ஆள் நான். எனக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்ல முடியும். அந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு கார்ப்பரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இழுத்தால் ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு நிற்கும்போதுதான் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கி அணைந்துபோகும். அதற்காகத்தான் பலகையில் ட்யூபை லாடம் போல வளைத்துக் கட்டி, எண்ணெய் விட்டு, ஒரு முனையை இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும் செருகினேன். எந்தப் பக்கம் அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். நடுவில் உள்ள ஸ்க்ரூவை நான் திருப்ப, மட்டம் பார்த்தது நீ. மருந்துக்கடையில் சிரப் அளந்து பழகிய கண் உனக்கு. நான் என் கண்ணை நம்பவில்லை, உன் கண்ணை நம்பினேன். மட்டம் வந்தது. நீயே சொன்னாய்.

ஒவ்வொரு வாரமும் சரி செய்துவிட்டுப் போகிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய நடுக்கம். வண்டி தேய்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். அதனால் இந்தத் தடவை ஒன்று செய்தேன். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். உன் பாட்டில்தான். நான் பலகையைக் கழுவப் போகும்போது அலமாரியிலிருந்து எடுத்தேன், கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். ஸ்க்ரூ ஒரு நூல் திரும்பினாலும் அந்தக் கோடு உடைந்துவிடும்.

வண்டி எங்கே கிடக்கிறது? போய்ப் பார். கோடு முழுசாக இருந்தால் தப்பு என்னுடையது. உன் வாசல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். உடைந்திருந்தால் என் பிள்ளையை நான் பார்க்க விடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

விரல்களை அசைக்கிறானா? அதையாவது எழுது.

அவன் அப்பா


மார்ச் 15

பையனின் அப்பாவுக்கு,

"மட்டம் பார்த்தது நீ" என்று எழுத உங்களுக்குக் கை வந்தது பாருங்கள். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு மருந்துக்கடையில் ஒரு குழந்தைக்கு சிரப் அளக்க முடியாமல் பாட்டிலை முதலாளியிடம் நீட்டிவிட்டேன்.

ஆமாம், பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதையும் எழுதியிருக்கலாமே? பலகைக்கு இந்தப் பக்கம் நான், வண்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள், நடுவில் கவிழ்த்த வாளியின் மேல் அவன். "அம்மா, இடது பக்கம் ஏறுதான்னு அப்பா கேக்குறார்." "ஏறுதுன்னு சொல்லு." "அப்பா, ஏறுதாம்." "கொஞ்சம் இரு, இப்ப எப்படின்னு கேளு." பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டிக்குப் பஞ்சாயத்துப் பேச நாலு பெரிய மனுஷர்களைக் கூப்பிடுவார்கள். நமக்கு ஒரு ஓட்டை வண்டியும் அந்தப் பயலும் போதும். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், உங்கள் தலை டேங்குக்கு அடியில் இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

கிளம்பும்போது நீங்கள் சொன்னீர்கள், "இனி நான் வர வேண்டிய வேலை இல்லை." நான், "ரொம்ப நல்லதுன்னு சொல்லு" என்றேன். அதை மட்டும் அவன் உங்களிடம் எடுத்துச் சொல்லவில்லை. வாளியை உதைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

வண்டி போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் நசுங்கின வண்டிகளோடு வண்டியாகக் கிடக்கிறது. முழங்கால் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். காவலுக்கு நின்றவர், "என்னம்மா தொலைச்சீங்க?" என்று கேட்டார். உங்கள் கோடு உடைந்திருக்கிறது. ஸ்க்ரூவில் ஒரு துண்டு, தகட்டில் ஒரு துண்டு, இரண்டும் நேராக இல்லை.

அதனால் என்ன? லாரி மோதின மோதலில் மனுஷன் எலும்பே தூளாகிவிட்டது, ஒரு ஸ்க்ரூ திரும்பாதா? இதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். வர வேண்டாம்.

கட்டைவிரல் அசைகிறது. மற்றவை இல்லை.

பையனின் அம்மா


மார்ச் 19

பையனின் அம்மாவுக்கு,

கட்டைவிரல் அசைகிறது என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

லாரி திருப்பவில்லை. அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் கெட்டியான ஸ்பிரிங் இருக்கிறது. எத்தனை குலுக்கினாலும் தானாகத் திரும்பாமல் இருக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். லாரி இடித்தது பின்னால். ஸ்க்ரூ இருப்பது டேங்குக்கு அடியில், இரண்டு கார்ப்பரேட்டருக்கும் நடுவில். நீளமான ஸ்க்ரூடிரைவரை நேராக விட்டுத் திருப்பினால்தான் திரும்பும். யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

உன் தெருமுனை மெக்கானிக்தான். அவனைத் தவிர யார்? நான் வீட்டிலேயே சரி செய்வது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "பலகையும் ட்யூபும் வச்சு வைத்தியம் பாக்குறார்" என்று ஊரெல்லாம் கேலி பேசினவன். என் பிள்ளையை நடுரோட்டில் கவிழ்த்தவன் அவன் என்றால் அந்தக் கையை நான் சும்மா விடமாட்டேன். நீ போய்க் கேட்கிறாயா, நான் வந்து கேட்கட்டுமா?

ராத்திரி ஷிப்டில் பம்ப் ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மனிதர்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். பேசினால் அடித்துவிடுவேனோ என்று இருக்கிறது.

அவன் அப்பா


மார்ச் 26

இவன் அப்பாவுக்கு,

மெக்கானிக் கடைக்குப் போனேன். போய் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். தெருவே கூடிவிட்டது. அந்த மனிதர் எழுந்து கையைக்கூடத் துடைக்காமல் நின்று கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தின பிறகு சொன்னார்:

"அக்கா, உங்க வண்டிய நான் தொட்டதே இல்ல. உங்க பையன்தான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கிட்டுப் போவான். அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துருவான். கடைசியா மட்டும் திங்கக்கிழமை வந்தான். என்னடா கிழமை மாறிடுச்சான்னு கேட்டேன். சிரிச்சான்."

எனக்கு அங்கே எதுவும் உறைக்கவில்லை. இவர்தான் என்று நினைத்து வந்தேன், இல்லை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று வீடு நோக்கி நடந்தேன். மருந்துக்கடை தாண்டும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை உறைத்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அவனிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டவில்லை, சத்தியமாகத் திட்டவில்லை. தலையைத் தடவிக்கொண்டே திரும்பக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "வண்டி ஒழுங்கா இருந்தா நீங்க ரெண்டு பேரும் எதுக்கும்மா ஒரே இடத்துல உக்காருவீங்க?"

சனிக்கிழமை கொஞ்சம் திருப்பிவிடுவானாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து சரி செய்வீர்களாம். கொஞ்சம்தான் திருப்புவானாம், வழியில் நிற்காத அளவுக்கு. இந்தத் தடவை நீங்கள் இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டீர்கள், நானும் நல்லது என்றேன். பயந்துபோய் அடுத்த நாளே திருப்பியிருக்கிறான், வழக்கத்தைவிட அதிகமாக. சிவப்புக் கோட்டை அவன் பார்க்கவே இல்லையாம். "கார்ப்பரேட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னா அப்பா ஒரு மாசமாவது வருவார்னு நெனச்சேன்" என்கிறான்.

இருபது வயதுப் பிள்ளை. மீசை வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மூக்கை என் முந்தானையில் துடைத்துக்கொண்டான்.

உங்கள் மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாருங்கள்.

அவன் அம்மா


மார்ச் 30

அவன் அம்மாவுக்கு,

நீ எழுதினதைப் படித்துவிட்டு மில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். நான் அழுததை நீ பார்த்ததில்லை, அதனால் நம்பமாட்டாய்.

யாரையாவது அடிக்க வேண்டும் என்று அலைந்தேன். இப்போது அடிக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வார்டுக்குள் நான் என்ன பேசுவது? வண்டியைப் பற்றித் தவிர அவனிடம் நான் வேறு எதுவும் பேசிப் பழகவில்லை.

அவன் அப்பா


ஏப்ரல் 14

இவன் அப்பாவுக்கு,

மூக்குக்கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவன் அதைப் போட்டுக்கொண்டு உங்களைப் போலவே இருமிக் காட்டுகிறான். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஆபரேஷன் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து அவனைத் திட்டிவிட்டுப் போனாள்.

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கம்பிகள் இன்னும் சில மாதம் இருக்குமாம். எலும்பு ஒட்டத் தொடங்கியிருக்கிறது. சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் கால் தங்கிவிடும் என்று டாக்டர் முதல்முறையாகப் பேனாவைத் தொடாமல் சொன்னார். மாத்திரை ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்றார். மருந்துக்கடைக்காரியிடமே சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைப் பார்த்து நேராக, "டீ ஆறிப்போச்சு, வேற வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டீர்கள். நானும் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். நீங்கள் போன பிறகு அவன், "அம்மா, இன்னைக்கு எனக்கு வேலையே இல்ல" என்றான்.

வீட்டுக்கே வாருங்கள். கண்ணாடியை வாங்கிக்கொள்ள வேண்டுமே.

இவன் அம்மா


ஏப்ரல் 29

அவன் அம்மாவுக்கு,

மில்லில் பெரிய பம்ப் மூச்சை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் போன தடவை டாக்டரைப் பார்த்தபோது அவன் நன்றாகத் தேறிவிட்டான் என்றார். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார், எலும்பு பிடித்திருப்பது என் கண்ணுக்கே தெரிந்தது. இனி பயப்பட ஒன்றுமில்லை.

அதனால் வாரா வாரம் வர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதாதா? நான் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் நீ சமையலறையிலேயே நின்றுகொண்டிருக்கிறாய். அது உன் வீடு. நீ சுதந்திரமாக இருக்க வேண்டும்.

கிளம்பும்போது அவனிடமும் சொன்னேன். "சரிப்பா" என்று தலையாட்டினான். பெரிய மனிதனாகிவிட்டான், வருத்தப்படவில்லை.

அவன் அப்பா


மே 3

இவன் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் வசதிப்படி செய்யுங்கள். நான் சமையலறையில் நின்றது சமைக்க. ஒரு ஆளுக்குக் கூடச் சமைக்க வேண்டியிருந்தது, அதனால் நேரம் ஆனது.

அவன் நன்றாக இருக்கிறான். அதிகம் பேசுவதில்லை. நேற்று லேசாக உடம்பு சுட்டது, வெயிலாக இருக்கும். வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன்.

பம்ப் சரியானதும் எழுதுங்கள்.

இவன் அம்மா


மே 18

இவன் அப்பாவுக்கு,

போனைக் கையில் எடுத்தேன், உங்கள் எண்ணையும் அழுத்தினேன், வைத்துவிட்டேன். இதைப் பேச எனக்கு வாய் வராது. உங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மில் வாசலில் கொடுத்துவிடுவார்.

காய்ச்சல் விடவே இல்லை. நான் மடைச்சி, வெயில் வெயில் என்று ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கம்பி குத்தின இடத்தில் நாற்றம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டருக்குப் புரியவில்லை. "இந்த மாத்திரைக்குக் கேட்காம இருக்காதே, ஒழுங்கா சாப்பிடுறானா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்து வருஷமாக ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் என் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேனா?

அவனை வார்டில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவன் கட்டிலை நகர்த்திக் கூட்டலாம் என்று தூக்கினேன். இரும்புக் கட்டிலின் ஒரு குழாய்க் காலின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி கழன்று விழுந்தது. குழாய் முழுக்க மாத்திரை. பாதி கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கட்டி மாதிரி. நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, நான் கதவைச் சாத்தினதும் துப்பியிருக்கிறான். தலைமாட்டில் அந்தக் குழாயின் மேல் மூடியைக் கழற்றி உள்ளே போட்டு, திரும்ப மாட்டியிருக்கிறான். வாயைத் திறந்து காட்டு என்று கேட்க அவன் என்ன குழந்தையா? கேட்டிருக்க வேண்டும்.

வார்டுக்குத் திரும்பி ஓடி, ஏன்டா என்று கேட்டேன். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "ஆறிடுச்சுன்னா வரமாட்டார்ல." கொஞ்சம்தான் காய்ச்சல் வரும் என்று நினைத்தானாம். நீங்கள் வந்ததும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைத்தானாம்.

சீழ் எலும்புக்குள் போய்விட்டது. வியாழக்கிழமை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். விட்டால் உயிருக்கே ஆகாதாம். அவனிடம் சொல்ல வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டேன், அவன் அப்பா வந்த பிறகு சொல்லுங்கள் என்று. சரி என்றார்.

நான் உங்களை வரச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி எழுதினால் போதும், "வாருங்கள்" என்று. உங்கள் வசதி என்று எழுதினேன். நீங்களும் என்னிடம் கேட்டிருக்கலாம். நாம் இப்படித்தான், இதற்குமேல் என்ன எழுத.

புதன்கிழமை மாலைக்குள் வந்துவிடுங்கள். திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றி யோசிக்காமல் வாருங்கள். துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்காகக் கூப்பிடவில்லை, உங்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அது இருக்கட்டும், அதோடு இருந்துகொள்கிறேன்.

அப்பா புதன்கிழமை வருகிறார் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை இல்லாம புதன்கிழமையா? லீவு போட்டுட்டா?" என்று எழுந்து உட்காரப் பார்த்தான். காய்ச்சலில் உதடெல்லாம் வெடித்திருக்கிறது, அதோடு சிரிக்கிறான். தாடியை எடுத்துவிடச் சொன்னான். எடுத்துவிட்டேன். நல்ல சட்டை கொண்டுவா என்றான், அதற்குத்தான் மறுபடி வீட்டுக்கு வந்தேன், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்று அவன் கேட்கவே இல்லை.

அவன் அம்மா